தையல்காரியின் வலது கை

பட்டறையில் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர். கழுத்தில் அளவு டேப் தொங்காமல் அவளை அங்கே யாரும் பார்த்ததில்லை. பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில்கூட அதைக் கழற்ற மறந்துவிட்டாள். "என் வாய அளக்க வந்தீங்களா, உங்க வாயக் காட்ட வந்தீங்களா?" என்று பல் டாக்டர் கேட்டாராம். அதை அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் முகம் பழையபடி மெஷின் பக்கம் திரும்பிவிடும்.

ஹோட்டல்களுக்கும் அலுவலகங்களுக்கும் திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கும் பட்டறை அது. தைக்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வெட்டுகிறவன் நீளமான மேசைக்கு முன்னால் நின்றிருப்பான். அவன் கோணலாக வெட்டினால், தைக்கிறவள் கோணலாகத் தைத்தாள் என்றுதான் பேர் வரும். வெட்டு மேசையில் இருந்தவனைக் கத்திரி என்று கூப்பிட்டார்கள். நல்லவன்தான், வாய்தான் நீளம். ஆனால் அவன் கையில் பூப்போட்ட துணி போனால் பூவின் தலை ஒரு துண்டிலும் காம்பு இன்னொரு துண்டிலுமாக வந்து சேரும். அந்தத் தலையையும் காம்பையும் இழுத்துப் பிடித்து ஒட்ட வைக்கிற பாடு டேப்பக்காவுடையது. ஒட்டாதபோது திட்டு வாங்குவதும் அவள்தான்.

"துணிய வெட்டுடா, துணியோட கழுத்த வெட்டாதே" என்பாள்.

"தைக்கறதுல இருக்குக்கா சாமர்த்தியம்" என்பான் அவன்.

ஊருக்கு வெளியே பெரிதாக இன்னொரு பட்டறை திறக்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஒருநாள் முதலாளியம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அங்க வெட்டு மேசைய நீங்க பாத்துக்கறீங்களா?"

டேப்பக்கா கழுத்திலிருந்த டேப்பைப் பற்றிக்கொண்டாள். வெட்டு மேசை! இனி எந்தப் பூவின் தலையும் தனியாகப் போகாது.

"ஆனா ஒண்ணு" என்றார் முதலாளியம்மா. "மேசைய பாக்கறவங்க கையிலதான் சாவி இருக்கும். காலைல ஏழு மணிக்குத் திறந்தாகணும். அந்த ரோட்டுல முதல் பஸ் அதுக்கப்புறம்தான் வருது. எப்படி வருவீங்க?"

"வண்டியில வந்துடுவேன்மா."

"ஓட்டத் தெரியுமா?"

"கத்துட்டு இருக்கேன்."

"நல்லது. அடுத்த மாசம் விட்டு அதுக்கடுத்த மாசம் ஒண்ணாந்தேதி திறக்கறோம். உங்களால முடியலேன்னா முன்னாடியே சொல்லிடுங்க. கத்திரி வீடு அந்தப் பட்டறைக்குப் பக்கத்துலதான் இருக்கு. அவன்கிட்ட குடுத்துடறேன்."

அதுவரை அவள் ஸ்கூட்டரின் பின்சீட்டைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பொய்யை உண்மையாக்கியாக வேண்டும்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் முரண்டு பிடிக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். தினமும் அவளைப் பட்டறையில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். புதுப் பட்டறையோ அவன் போகும் திசைக்கு நேர் எதிர்.

"கத்துக்கறதா? அஞ்சு நிமிஷ வேலை" என்றான். "முறுக்கினா போகும், புடிச்சா நிக்கும். லிஃப்ட் மாதிரிதான். மேல கீழ போறதுக்குப் பதிலா நேரா போகும்."

மூடிக் கிடந்த ஒரு கிடங்கின் பின்னால் காலி மைதானம் ஒன்று இருந்தது. அங்கே அழைத்துப் போனான். அவன் வேலைக்குப் போகும் ஸ்கூட்டர் வேறு; இது வீட்டில் சும்மா கிடந்த, கியர் இல்லாத பழைய ஸ்கூட்டர். அவள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கால்களும் தரையில் எட்டின. அது ஒன்றுதான் அன்று முழுவதும் அவளுக்குக் கிடைத்த ஆறுதல்.

கணவன் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினான். வண்டி ஆடியது, நெளிந்தது, பிறகு நேரானது. காற்று முகத்தில் பட்டது. இவ்வளவுதானா என்று அவள் நினைத்த வேளையில், மைதானத்தின் ஓரத்தில் படுத்திருந்த நாய் எழுந்து சோம்பல் முறித்தது. அது அவள் பக்கம் வரக்கூட இல்லை. எழுந்தது, அவ்வளவுதான்.

"பிரேக் புடி!" என்று கணவன் கத்தினான்.

வண்டி பாய்ந்தது. பின்கம்பி அவன் கையை விட்டு நழுவியது. ஸ்கூட்டர் நேரே போய் ஒரு மணல் குவியலில் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. அடி எதுவும் இல்லை. வாயெல்லாம் மணல்.

மூச்சிரைக்க ஓடி வந்தான் கணவன். "பிரேக்க புடின்னா ஏன் ஆக்ஸிலேட்டர முறுக்கறே?"

"நான் முறுக்கல."

"பின்ன யாரு, நாயா வந்து முறுக்குச்சு?"

"சத்தியமா முறுக்கலங்க. நான் நிறுத்தத்தான் பாத்தேன்."

அதுதான் அவளைக் கொன்றது. அவள் நிறுத்தத்தான் பார்த்தாள். நிறுத்த வேண்டும் என்று உடம்பு முழுக்க நினைத்தாள். வண்டி அதைக் கேட்டுவிட்டு வேண்டுமென்றே எதிர்மாறாகச் செய்ததுபோல இருந்தது.

அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதைதான். நேராகப் போகும்வரை ஒழுங்காகப் போவாள். ஒரு பந்து உருண்டு வந்தால், சைக்கிளில் யாராவது குறுக்கே போனால், கணவன் உரக்கத் தும்மினால்கூட, வண்டி பிடரியில் அடித்ததுபோல முன்னால் பாயும். மணல் குவியலுக்கு அவளை நன்றாக அடையாளம் தெரிந்துபோனது. முட்டி சிராய்த்தது. பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று தொங்கியது.

ஒருநாள் மைதானத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது, கடைசித் தெருவை மட்டும் அவளே ஓட்டட்டும் என்று கணவன் பின்னால் உட்கார்ந்தான். எதிர் வீட்டுக்காரர் தன் இரும்பு கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அவ்வளவுதான். ஸ்கூட்டர் அந்தக் கேட்டில் போய் முட்டியது. அவர் நல்ல வேளையாக உள்ளே பின்வாங்கியிருந்தார்.

"ஏம்மா, எங்க கேட்டு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

தெருவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கணவனுக்கு முகம் சிவந்துவிட்டது. வண்டியை அவள் கையிலிருந்து பிடுங்கி, தானே உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினான்.

"இனிமே என்னால ஆகாது சாமி" என்றான் வீட்டுக்குள் வந்ததும். "மரத்துக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாகூட இந்நேரம் ஓட்டியிருக்கும். உனக்கு எதுக்கு இந்த வம்பு? மெஷின்ல உக்காந்தமா, தெச்சமா, வந்தமான்னு இரேன்."

 சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைக் கழுவினாள். கழுவி வைத்த பாத்திரங்களையும் சேர்த்துக் கழுவினாள்.

மறுநாள் பட்டறையில் கனமான வெல்வெட் திரைகள். அடிப்பக்கம் நாலு மடிப்பாக வரும். சாதாரணத் துணியில் மெஷினை ஓடவிட்டுவிடலாம். ஆனால் தடித்த மடிப்பு வந்தால் அப்படி விடக்கூடாது. விட்டால் ஊசி உடைந்து கண்ணில் தெறிக்கும். மடிப்பு நெருங்கும்போதே பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, வலது கையால் மெஷினின் பக்கச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்து, தன் பக்கமாக மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு தையலாக ஊசியைக் கையால் இறக்கி ஏற்ற வேண்டும். மடிப்பைத் தாண்டியதும் மறுபடி காலை வைக்கலாம்.

கத்திரி அன்றைக்கும் துணியைக் கோணலாக வெட்டி அனுப்பியிருந்தான். அவனை மனதுக்குள் வைதுகொண்டே தைத்துக்கொண்டிருந்தாள். மடிப்பு வந்தது. அவள் ஒன்றும் நினைக்கவில்லை. கை தானாகப் போனது. இறுக்கிப் பிடித்தது. தன் பக்கமாகத் திருப்பியது.

டேப்பக்கா தைப்பதை அப்படியே நிறுத்தினாள். சக்கரத்தைப் பிடித்திருந்த தன் வலது கையை, அது ஏதோ வேறொருத்தியின் கை என்பதுபோலப் பார்த்தாள்.

ஆபத்து என்றால் வலது கையால் இறுக்கிப் பிடி, தன் பக்கம் திருப்பு. கல்யாணத்துக்கு முந்தியே அந்தக் கை கற்றுக்கொண்ட பாடம் அது. ஸ்கூட்டரிலும் அது அதையேதான் செய்துகொண்டிருந்தது. நாயைப் பார்த்ததும் இறுக்கிப் பிடித்தது, தன் பக்கம் திருப்பியது. மெஷினில் அது வேகத்தை அடக்கும். வண்டியில் அதற்குப் பேர் ஆக்ஸிலேட்டர்.

"என்னக்கா, மெஷின் ஸ்டார்ட் ஆகலையா? தள்ளி விடவா?" என்றான் கத்திரி. அவள் வண்டி பழகும் கதை அவன் காதுக்கும் எட்டியிருந்தது. "அவசரமே இல்ல, மெதுவா பழகுங்க. அங்க மேசைய நான் சூடு ஆறாம பாத்துக்கறேன்."

"உன் கோணக் கையால அந்த மேசைய தொட்டே, மேசையும் கோணிக்கும்" என்றாள் அவள். ஆனால் குரல் ஏறவில்லை. அவன் சொன்னது நடக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். வீட்டில் இருந்த தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து செய்துகூடக் காட்டினாள். அவன் பார்த்தான்.

"ஆடத் தெரியாதவளுக்கு மெஷின் மேல பழியா?" என்றான். "கை உன்னோடதுதானே? அதுகிட்ட சொல்லு."

சொல்லிப் பார்க்காமலா இருந்தாள்? கையிடம் சொன்னால் அது கேட்க வேண்டுமே. வார்த்தையால் ஆகாது என்று நினைத்து, தனக்குத் தெரிந்த வழியில் ஒன்று செய்தாள். மீந்துபோன சோபாத் துணியில் ஸ்கூட்டரின் வலது கைப்பிடிக்கு ஓர் உறை தைத்தாள். உள்ளங்கை படும் இடத்தில் கயிறு வைத்துத் தடிப்பாக ஒரு தையல் போட்டாள். உறுத்தினால் கை விழித்துக்கொள்ளும் என்பது கணக்கு. மைதானத்துக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போய்த் தனியாக ஏறினாள். உள்ளங்கையில் தடித்த தையல் பட்டதுதான் தாமதம், கை ‘வந்துடுச்சு மடிப்பு’ என்று முடிவுகட்டிவிட்டது. நாய்கூடத் தேவைப்படவில்லை. நேரே மணல்.

மணலில் உட்கார்ந்தபடியே அந்த உறையைப் பிய்த்து எறிந்தாள். பிரிந்துவிடக் கூடாதென்று அவளே அழுத்தமாகத் தைத்திருந்ததால் அதைப் பிய்க்கவும் வெகு நேரம் ஆனது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வண்டிமேல், கணவன்மேல், கத்திரிமேல், எல்லோரையும்விட அதிகமாக அந்த வலது கைமேல். இத்தனை வருடம் சோறு போட்ட கை, இப்போது கிடைக்கப்போகிற ஒன்றைத் தட்டிவிடுகிறது.

கடைசியில் நாத்தனாரிடம்தான் போய் நின்றாள். கணவனின் தங்கை வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவள். நாள் முழுக்க ஸ்கூட்டரில்தான் குடித்தனம். அண்ணிக்கும் அவளுக்கும் எப்போதும் ஏதாவது ஒரு பேச்சு பாக்கி இருக்கும். ஆனாலும் விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் சிரிக்கவில்லை.

"அண்ணி, அந்தக் கைய திருத்த இப்ப நேரம் இல்ல" என்றாள். "பேசாம அதை வேலையிலேர்ந்து எடுத்துடுங்க."

"என்னடி சொல்றே?"

"பயம் வந்தா வலது கைய விட்டுடுங்க. முழுசா. கைய விட்டா முறுக்கு தானா திரும்பி வண்டி வேகம் குறைஞ்சுடும். இடது கையால பிரேக்க புடிங்க. அவ்வளவுதான். இடது கை பாவம், அது உங்களுக்கு எந்தத் துரோகமும் பண்ணலையே?"

மைதானத்தில் பயிற்சி மறுபடி ஆரம்பமானது. நாத்தனார் ஓரமாக நின்றுகொண்டு, எதிர்பாராத நேரத்தில் "மடிப்பு!" என்று கத்துவாள். டேப்பக்கா உடனே வலது கையைத் தூக்க வேண்டும். முதலில் கை கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. "மடிப்பு! மடிப்பு! அண்ணி, காது கேக்குதா, கையத் தூக்குங்க! ஐயோ, ரெண்டு கையும் இல்ல!" என்று நாத்தனார் குதிப்பாள். திட்டும் குறைவில்லை. இருவரும் பேசிக்கொள்ளாமல் வீடு திரும்பிய நாட்களும் உண்டு. ஆனால் மெல்ல மெல்ல, கத்தினால் கை எழும்பத் தொடங்கியது.

லைசென்ஸ் தேர்விலும் அப்படித்தான் ஓட்டினாள். எட்டுப் போடும்போது வளைவுக்கு வளைவு வலது கை மேலே போய் வந்தது. தேர்வு அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அப்பப்ப யாருக்கு டாட்டா காட்டறீங்க?"

கால் ஊன்றாமல் எட்டை முடித்துவிட்டதால் வேறு ஒன்றும் சொல்ல முடியாமல் தேர்ச்சி போட்டுவிட்டார்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் புதுப் பட்டறைக்குப் போகும் வழியில் ஒரு ரவுண்டானா இருந்தது. ஐந்து சாலைகள் வந்து சேரும் இடம். விடிகாலையிலிருந்தே லாரிகள் சுற்றிக்கொண்டிருக்கும். வேலைக்குச் சேருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் ஒத்திகைக்காகப் பின்னால் உட்கார்ந்து வந்தாள். நேர்ச்சாலையில் டேப்பக்கா நன்றாகவே ஓட்டினாள். ரவுண்டானா கண்ணில் பட்டதும் வலது கை இறுகியது. உடனே அதைத் தூக்கிவிட்டாள். வண்டி நடுச்சாலையில் நின்றது. பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தது.

நாத்தனார்தான் குதித்து இறங்கி வண்டியை ஓரத்துக்கு இழுத்தாள். 

"அண்ணி, இங்க அந்த வித்தை செல்லாது. கைய விட்டா நடு ரோட்டுல நிப்பீங்க. விடலேன்னா லாரிக்கு அடியில போயிடுவீங்க. முதலாளியம்மாகிட்ட இன்னும் ஒரு மாசம் டைம் கேளுங்களேன்."

"ஒரு மாசம் கழிச்சுப் போனா அந்த மேசைகிட்ட கத்திரி நின்னுட்டு இருப்பான்."

"அதுக்காக உசுர விடறதா?"

 வீடுவரை நாத்தனார் ஓட்டினாள். பழைய பின்சீட்டில், முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்தபடி டேப்பக்கா உட்கார்ந்து வந்தாள். ‘முடியல’ என்று முதலாளியம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடினாள். எந்த வார்த்தையும் வாயில் நிற்கவில்லை.

ஒன்றாம் தேதி காலையில் கணவன் எழுந்திருக்கும் முன்பே வண்டியை வெளியே எடுத்தாள். தெருவைத் தாண்டினாள். எதிர் வீட்டு கேட்டையும் ஒழுங்காகத் தாண்டினாள். நேர்ச்சாலையில் ஓரமாக, சைக்கிள்களெல்லாம் முந்திக்கொண்டு போகும் வேகத்தில் போனாள். ரவுண்டானா வந்தது. லாரிகள் சுற்றிக்கொண்டிருந்தன. வலது கை இறுகப் பார்த்தது.

அவள் வண்டியை நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். இறங்கினாள். நடந்து கடப்பவர்கள் கூடி நின்ற இடத்துக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போய், அவர்களோடு நின்றாள். சிக்னல் விழுந்ததும் அவர்களோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு கடந்தாள். முதல் சாலை. பிறகு இரண்டாவது. ஸ்கூட்டர் ஓட்டும்போது தெரியாத கனமெல்லாம் தள்ளும்போது தெரிந்தது. தோள் இறங்கிப்போனது. பின்னால் வந்த ஒருவர் காலில் சக்கரம் ஏறி அவர் முறைத்தார்.

ரவுண்டானா ஓரத்து டீக்கடையில் கத்திரி நின்றுகொண்டிருந்தான். அவன் வீடு அந்தப் பக்கம்தான். கையில் டீயோடு வாய் பிளந்து பார்த்தான்.

"அக்கா! அது ஓட்டறதுக்குக்கா, மேய்க்கறதுக்கு இல்ல!"

கடையில் இருந்தவர்கள் மொத்தமாகச் சிரித்தார்கள். டேப்பக்கா திரும்பவில்லை. திரும்பினால் வண்டி சாய்ந்துவிடும். கடைசிச் சாலையையும் கடந்து, மறுபடி ஏறி, எஞ்சினைப் போட்டாள்.

பட்டறை வாசலில் வந்து நின்றபோது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. இன்னும் யாரும் வரவில்லை. முதலாளியம்மா முன்பே கொடுத்திருந்த சாவியால் திறந்தாள். முதலாளியம்மா ஏழு மணிக்குக் காரில் வந்து இறங்கினார்.

"வண்டியிலயே வந்துட்டீங்களா?"

"வண்டியோட வந்துட்டேன்மா" என்றாள்.

அன்று முழுவதும் அவள் நின்றுகொண்டே வேலை செய்தாள். பூப்போட்ட திரைத்துணியை மேசையில் விரித்து, பூவைப் பூவோடும் காம்பைக் காம்போடும் பொருத்திப் பார்த்துவிட்டு வெட்டினாள். மூன்றாவது மெஷினில் இருந்தவள் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இழுக்கவே வேண்டாம்போல இருக்கே" என்றாள். உதவிக்கென்று புதுப் பட்டறைக்கு மாற்றப்பட்டிருந்த கத்திரி தாமதமாக வந்து, மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று, அவள் சொன்ன இடத்தில் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் வாயை அடக்கிக்கொண்டும் இருந்தான்.

சாயங்காலம் கணவன் போன் செய்தான். "எப்படிப் போனே? நான் வந்து கூட்டிட்டு வரவா?"

"வேண்டாம், வந்துடுவேன்" என்றாள். சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகுதான் ரவுண்டானா நினைவுக்கு வந்தது. காலையில் கடந்ததை இப்போது திரும்பக் கடக்க வேண்டும். நாளைக்கும். நாளை மறுநாளும். எத்தனை நாளைக்கு என்று நினைக்கவே எரிச்சலாக இருந்தது.

காலையைவிடச் சாயங்காலம் கூட்டம் அதிகம். நடந்து கடப்பவர்கள் நடுவே ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்ற பெண் ஒருத்தி அவளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெட்ரோல் தீந்துடுச்சாம்மா?"

"இல்ல."

"பஞ்சரா?"

"இல்ல."

"பின்ன ஏன் தள்ளறீங்க?"

டேப்பக்கா லாரிகளைப் பார்த்தாள். "பயம்" என்றாள். இத்தனை நாளில் அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் கோபம்தான் வந்தது.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். அதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை என்பதுபோல, காய்கறிப் பையைத் தூக்கி ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்தாள்.

"சரி, முன்னாடி நீங்க புடிங்க. பின்னாடி நான் தள்ளறேன். இதும் நடந்தே வந்துட்டுப் போகட்டும்."

சிக்னல் விழுந்தது. ஹாரன் சத்தத்துக்கு நடுவே இருவரும் தள்ளத் தொடங்கினார்கள்.